திசை பார்க்கிறவர்

"எந்தப் பக்கம் சுத்துது, பாத்தீங்களா?" மோட்டாரை மாட்டி முடித்ததும் சாமிதுரை கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை உருவி, மோட்டாரின் முதுகில் அது சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார். தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் ஏறாது. "ரெண்டு வயர மாத்திப் போட்டா முடிஞ்சுது கதை" என்பார். வலங்கைமான் பக்கம் அவர் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டாத பம்புசெட் குறைவு.

ஞாயிறு சாயங்காலமானால் ஆளே வேறு. காலியாகக் கிடக்கும் நெல் கொள்முதல் நிலையத்துக் களத்துக்குத் தன் மஞ்சள் ரிமோட் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சிங்கப்பூர் வேலையை விட்டுத் திரும்பும்போது வாங்கியது. "ஊரே செயின் வாங்கிட்டு வந்துச்சு, எங்க வீட்டு ஐயா பிளேன் வாங்கிட்டு வந்தாரு" என்று அவர் மனைவி கயல்விழி ஒன்பது வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறாள். சும்மா பறக்கவிட்டாலாவது பரவாயில்லை, நோண்டிக்கொண்டே இருப்பார். சக்கரத்தை மாற்றுவார், மூக்கை நீட்டுவார். மூன்று முறை விழுந்து ஒட்டியாயிற்று. அந்த மாடலே இப்போது வருவதில்லை. இன்னொரு முறை விழுந்தால் ஒட்டுவதற்கு உடம்பில் இடமில்லை.

இந்த மாசியில், சட்டென்று திரும்ப வேண்டுமென்று இறக்கை நுனியை நாலு விரல் குறைத்தார். விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் இறக்கை மடலை அசைக்கும் குட்டி மோட்டார்களையும், காற்றைத் தடுக்கிறதென்று, கவிழ்த்து உள்ளே புதைத்தார். பக்கத்து வயலில் தங்கள் உளுந்தைப் பார்க்க அன்றைக்குக் கயல்விழியும் வந்திருந்தாள்.

களத்தை விட்டு எழும்பியதுமே விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். இன்னும் அதிகமாக இடப்பக்கமே சாய்ந்தது. சாமிதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. கவிழ்த்து மாட்டினால் எல்லாம் தலைகீழ்தானே! ஊருக்கெல்லாம் திசை பார்க்கிற மனுஷன், தன் விமானத்துக்குப் பார்க்கவில்லை. வாலை மட்டும் திருப்பித் திருப்பி, எப்படியோ மேலே ஏற்றினார்.

"கயலு, ஓடியா! கைய எடுக்க முடியாது. ரிமோட்டுக்கு அடியில தெச மாத்துற குட்டிச் சுவிட்சு வரிசையா இருக்கு பாரு, முதலாவத மாத்து. ரெண்டாவதத் தொட்டுடாத, நேரா மூக்கு குத்திரும்!"

ஒன்பது வருஷத்தில் அந்த ரிமோட்டை அவளைத் தொடவிட்டதில்லை. சுவிட்சோ எள்ளு மாதிரி. வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு அவர் எதிரே குனிந்தாள்.

"எந்தப் பக்கத்துலேருந்துங்க முதலாவது?"

"இடது... ஐயோ, உன் இடது இல்ல! என் இடக்கைப் பக்கம்!"

ஊக்கு முனை தள்ளியது. சாமிதுரை குச்சியை நூலளவு அசைத்தார். சாய்ந்திருந்த இறக்கை நிமிர்ந்தது. பூ வைத்த உளுந்தை உரசுகிற மாதிரி இறங்கி வந்த விமானம், களத்தில் இரண்டு குதி குதித்து நின்றது.

"எனக்கு உசுரே போயிருச்சுங்க" என்றாள் கயல்விழி.

அவர் விமானத்தின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து சாக்பீஸை எடுத்தார். மடல் அசையும் திசைக்கு இறக்கையில் போட்ட அம்புக்குறி கோணலாக வந்தது. உள்ளங்கையால் அதை அழித்துவிட்டு, சாக்பீஸை அவளிடம் நீட்டினார்.