வெயிலில் சுருங்கும் கொள்ளளவி

என் பிழையை என் மகளின் கைமேல் போட்டுவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும் வள்ளங்களுக்கென்று நானும் மகள் துர்க்காவும் அபாய அழைப்புப் பெட்டிகள் செய்தோம். பொத்தானை அழுத்தினால் கரையிலுள்ள அலைவாங்கி ஒலிக்கும். சுற்றுப்பலகையை வடிவமைத்தவன் நான். ஈயம் வைத்துப் பொருத்தியவள் அவள்.

வானலையை அனுப்பும் கணத்தில், பலகையின் மூளையான சில்லு திடீரென்று மின்னை இழுக்கும். அந்த ஒரு கணத்தைத் தாங்க, அதன் கால்களை ஒட்டியே, மின்னைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் சின்னஞ்சிறு கொள்ளளவிகள் இருக்க வேண்டும். வெப்பம் தாங்கும் வகை கடையில் இல்லை. மற்ற வகை இருந்தது. சூடேறினால் அதன் கொள்ளளவம் பாதிக்கும் கீழே இறங்கும் என்று தரவுத்தாளின் வரைபடம் காட்டியது. பார்த்தேன்... பார்த்துவிட்டும், இரண்டுக்கும் பெறுமானம் ஒன்றுதானே என்று வாங்கினேன்!

மேசைமேல், மின்விசிறிக்குக் கீழே, எல்லாப் பெட்டிகளும் வேலை செய்தன.

மேற்கிலிருந்து அனலாய்க் கச்சான் காற்று வீசிய ஒரு நண்பகலில், எங்கள் பெட்டியோடு போன மீனவர் யோகநாதனின் வள்ளம் கவிழ்ந்தது. கவிழுமுன் அவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கரைக்கு எதுவும் வரவில்லை. அவருடைய கூக்குரல் வேறொரு வள்ளத்துக்குக் கேட்டிராவிட்டால்...

“உங்கட பெட்டியவிட என்ட தொண்டை நல்லா வேலை செய்யுது, சேர்,” என்று சிரித்தபடி பெட்டியைத் திருப்பித் தந்தார்.

வீட்டில் முடி உலர்த்தும் கருவியால் பலகையைச் சூடாக்கி அழுத்தினேன். சில்லு அணைந்து, மறுபடி தொடங்கியது. ஆறவிட்டு அழுத்தினேன். ஒழுங்காக அனுப்பியது. புரிந்துவிட்டது: பிழை என் கொள்ளளவிகளில்.

அப்போதுதான் துர்க்கா வந்து கேட்டாள்.

“நான் பத்தவச்சதிலயா அப்பா பிழை?”

“ஓம் மகள்... ஒரு இடத்தில ஈயம் சரியாப் பிடிக்கல்ல போல.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கமா? அவள் கண்ணில் சிறுத்துப்போவேன் என்ற பயமா? இன்றும் தெரியவில்லை.

அவள் யோகநாதனிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். எல்லாப் பெட்டிகளையும் வாங்கிவந்து, ஒவ்வோர் இணைப்பையும் மீண்டும் பற்றவைத்துக் கொடுத்தாள். என் கொள்ளளவிகள் அப்படியே உள்ளே! நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று, தன் வேலையைத் தானே சோதிக்க, யோகநாதனோடு கடலுக்குப் போயிருக்கிறாள். புறப்படும்போதாவது சொல்லியிருக்கலாம். “வெயிலா இருக்கு மகள், தொப்பிய எடு,” என்றுதான் வாயில் வந்தது.

இப்போது நண்பகல். கச்சான் எழுந்துவிட்டது. அவள் இருக்கும் இடத்தில் கைபேசி வேலை செய்யாது. அலைவாங்கி என் முன்னே ஓசையின்றிக் கிடக்கிறது.

அவள் இன்னும் அழுத்தவில்லையா? அழுத்திக்கொண்டே இருக்கிறாளா? எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்...