தமிழுக்கு ஒரு முறுக்கு

என் மகளுக்கு நாலு வயது. வீட்டுக்குள் வாயே திறப்பதில்லை. கேட்டதற்குத் தலையாட்டல், அவ்வளவுதான். பள்ளியில் பேசுகிறாளாம், மாஷி, அதாவது சித்தி, என்று அவள் கூப்பிடும் கீழ் வீட்டு வங்காளி அம்மாளிடமும் பேசுகிறாளாம். நானோ கல்லூரியில் உளவியல் வரலாறு நடத்துகிறவள். ஊரார் மனசுக்கெல்லாம் விளக்கம் சொல்பவளிடம் பெற்ற பெண் பேசமாட்டேன் என்றால்? நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

லேக் கார்டன்ஸ் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: செருப்பைக் கழற்றினால் தமிழ்தான். கணவரின் தமிழ்க் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே, வங்காள மண்ணில். வங்காளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. திருச்சியிலிருந்து வந்த எனக்குத்தான் பயம், குழந்தைக்குத் தமிழ் போய்விடுமோ என்று. பரிசு கொடுத்தால் பழக்கம் வரும் என்பது நடத்தையியல். தமிழில் சொன்னால் முறுக்கு, வங்காளம் கலந்தால் கிடையாது. முதலில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மௌனம்.

கட்சி மாறினேன். உளப்பகுப்பாய்வு. பல் தேய்க்கும்போதே என்ன கனவு கண்டாய் என்று நச்சரித்தேன். அவள் வரைந்த கறுப்பு மேகத்தில் என்னைத் தேடினேன். அப்புறம் மனிதநேய உளவியல்: எதையும் எதிர்பார்க்காமல் அன்போடு பக்கத்தில் இருப்பது. கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை, எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

"அவளை விடேன்," என்றார் கணவர். "உன் சிலபஸ் முடியறதுக்குள்ள அவ காலேஜுக்கே போயிடுவா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி என்னிடம் பேசவே மாட்டாளோ என்றுதான் மனசு ஓடியது.

நான் வரும்வரை மாஷிதான் அவளைப் பார்த்துக்கொள்வார். அன்று அழைத்துவரப் போனபோது வாசலிலேயே அவள் குரல் கேட்டது. பொம்மையிடம், "தமிழ்ல சொல்லு" என்று என்னைப் போலவே அதட்டினாள். பொம்மை சொல்லவில்லை. அதன் கையிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல் இழுத்தாள். பிறகு மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி, பேசவேண்டாம், பேசினால்தானே தப்பு வரும் என்று வங்காளத்தில் சமாதானம் சொன்னாள்.

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். காய்கறிக் கடையைத் தாண்டாத என் வங்காளத்தில், பொம்மை சாப்பிட்டதா என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"தப்பும்மா," என்றாள். "உனக்கு முறுக்கு கிடையாது."