கேட்டுக்கு வெளியே கன்னடம்

எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்றுதான்: கேட்டுக்கு உள்ளே தமிழ். மைசூரில் பிறந்த பிள்ளைகளுக்கு வேறெப்படித் தமிழ் வரும்?

ஆனால் அவர்களுக்குக் கன்னடத்தில்தான் சண்டை வரும். அதனால் மகளும் மகனும் கேட்டுக்கு வெளியே போய்ச் சண்டையை முடித்துவிட்டு, சாதுவாகத் திரும்பி வருவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இன்று, கேபிள் கனெக்‌ஷன் வாங்கலாம் என்றேன்.

"பசங்க பரீட்சை முடியட்டுங்க" என்றாள் மனைவி.

தேவராஜ மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய வாய் முந்திக்கொண்டது. "நினகேனு கொத்து!" - உனக்கென்ன தெரியும் என்று - கன்னடத்திலேயே கத்திவிட்டேன்.

மகள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள்.

"அப்பா, கேட்டுக்கு வெளிய."

சட்டம் சட்டம்தான். நிமிர்ந்த தலையோடு போய் நின்றேன்.

மனைவி உள்ளேயே இருந்துவிட்டாள்; சண்டைக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. கன்னடம் தெரிந்த நண்பர்கள் யாரேனும் இருந்தால் வரலாம்.