கட்டணம் வேண்டாம் என்ற ஜெகந்நாதன்

ஞாயிற்றுக்கிழமை காலை டெலிபோன் மணி அடித்தபோது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். மந்தைவெளியிலிருந்து தனலட்சுமி அம்மா, ஜெகந்நாதன் சாரின் மனைவி. "மேடம், அவரு போய்ட்டாரு," என்றார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல, "தூக்கத்துலயே போச்சு. கஷ்டப்படல," என்றார். சிறுநீரகம் கெட்டு வெகுநாளாக இழுத்துக்கொண்டிருந்த உடம்பு. எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. ஆனாலும் எண்ணெய்க் கையோடு ரிசீவரைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தேன்.

வங்கி ஊழியர்களுக்கான இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் தொழிற்சங்கச் செயலாளர். நான் அவரை அறிந்தது வேறு விதமாக. எங்கள் வங்கிகள் வேறு வேறு. அவர் மயிலாப்பூர் கிளையில் கவுண்டரில் இருந்தார், நான் தி.நகரில் கம்ப்யூட்டர் பிரிவில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தி.நகர் கிளைக்கு முதல் ஏ.டி.எம். வந்து இறங்கிய நாளில் அவரைப் பார்த்தேன். எல்லா வங்கிச் சங்கங்களும் சேர்ந்து வாசலில் ஆர்ப்பாட்டம். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு அவர் பேசிக்கொண்டிருந்தார். மனிதர்களின் வேலையை இயந்திரம் தின்றுவிடும் என்பது பேச்சின் சாரம். அந்த இயந்திரத்தை இயக்கிவைக்க வந்தவளே நான்தான். வெயிலில் கூட்டத்தைத் தாண்ட முடியாமல் தவித்தேன். பேச்சை நிறுத்திவிட்டு, "மேடத்துக்கு வழி விடுங்கப்பா. நம்ம சண்டை மெஷினோட, அவங்களோட இல்ல," என்றார். நான் உள்ளே போனதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி முழங்கினார்.

சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் அதே மனிதர் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "உங்க மெஷின் எங்க பேங்க் கார்டை எடுக்கணும்னா என்ன செய்யணும் மேடம்?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

அவர் சொன்னது இதுதான். ஊரூர் ஒல்காட் குப்பத்தைச் சேர்ந்த கஸ்தூரி, அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. பள்ளி ஊழியர்களுக்கு ஜெகந்நாதன் சாரின் வங்கியில்தான் சம்பளம், எல்லோருக்கும் கார்டும் கொடுத்திருந்தார்கள். பொங்கல் விடுமுறையில் வங்கிகள் மூடியிருந்தபோது கஸ்தூரியின் கணவருக்குப் படகு மோட்டாரில் கை சிக்கிவிட்டது. கொண்டுபோன மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். எதிரிலேயே ஒரு ஏ.டி.எம். இருந்தது. ஆனால் வேறு வங்கியுடையது, இந்தக் கார்டை ஏற்காது. பஸ் பிடித்து தி.நகருக்கு ஓடினார், அங்கே அவர்கள் வங்கியின் மெஷின் பழுது. மயிலாப்பூருக்குப் போய்ப் பணம் எடுத்துத் திரும்புவதற்குள், குப்பத்து ஆட்கள் கணவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கை போய்விட்டது. சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருக்குமா என்றால், சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

வங்கி திறந்ததும் கஸ்தூரி கவுண்டருக்கு வந்திருக்கிறார். சத்தம் போடவில்லை. "உன் மேல கோவம் இல்ல நைனா. கண்ணாடிக்கு அந்தாண்ட பணம் கீது. என் பணமும் பேங்க்ல கீது. அப்புறம் இன்னாத்துக்கு எடுக்க முடியாதுன்றாங்க? அத்தக் கேக்கத்தான் வந்தேன்," என்றிருக்கிறார்.

"அதான் உங்ககிட்ட வந்தேன் மேடம்," என்றார் ஜெகந்நாதன் சார்.

அப்போது எங்களைப் போன்ற சில சிறிய வங்கிகள் ஏ.டி.எம்.களைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேச ஆரம்பித்திருந்தன. பெரிய வங்கிகளைப்போல் தெருவுக்குத் தெரு மெஷின் வைக்க எங்களில் யாருக்கும் வசதி இல்லை. கம்ப்யூட்டர்களை இணைப்பது சிரமம், ஆனால் முடியாதது இல்லை. எங்கே முட்டிக்கொண்டது என்றால், அடுத்த வங்கி மெஷினில் பணம் எடுப்பவரிடம் ஒவ்வொரு முறையும் கட்டணம் வாங்கவேண்டும் என்று எல்லா நிர்வாகங்களும் நினைத்ததில்தான். ஊழியர் பிரதிநிதியாக அந்தக் கூட்டுக் குழுவுக்குள் அவர் வந்து சேர்ந்தார். அந்த இடத்தை எப்படிக் கேட்டு வாங்கினாரோ தெரியாது.

குழுவில் அவர் அதிகம் பேசியதில்லை. கட்டணம் என்ற சொல் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். "கட்டணம் போட்டா வசதி உள்ளவங்க பக்கத்துல எடுப்பாங்க. மத்தவங்க மறுபடி பஸ் ஏறிப் போவாங்க. அதுக்கு எதுக்கு சார் இணைக்கணும்?" என்பார். கஸ்தூரியை ஒருமுறை கூட்டத்துக்கு அழைத்துவந்தால் அதிகாரிகள் மனம் இளகும் என்று நான் யோசனை சொன்னேன். "வேணாம் மேடம். அவங்க வீட்டுத் துக்கத்தை மேஜை மேல வெச்சுப் பேரம் பேச நான் தயாரில்ல," என்றார். அன்றிலிருந்து அவர்மீது எனக்கு இருந்த மதிப்பு வேறாகிவிட்டது.

இதற்கிடையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சங்கத்தின் அந்தப் பொதுக்குழுவில் நீங்கள் இருந்தீர்கள். இயந்திரத்தை எதிர்த்தவரே அதைப் பெருக்கப் பார்க்கிறார் என்று தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் அவருடைய இருபது வருட நண்பர் வரதன். பதவி போயிற்று. அடுத்த குழுக் கூட்டத்துக்கு வழக்கம்போல வந்தார். "இனிமே சனிக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம் இல்ல, நான் ஃப்ரீ மேடம்," என்று சிரித்தார். அன்று தேநீரை ஆறவிட்டுக் குடிக்காமலே எழுந்தார். படி இறங்கும்போது, "அவங்க பயம் பொய்யில்ல. கவுண்டர்ல ஆள் குறையத்தான் போவுது. அது தெரிஞ்சுதான் பேசறேன்," என்றார்.

கடைசியில் வங்கிகள் செலவைத் தங்களுக்குள் பார்த்துக்கொள்வது, வாடிக்கையாளரிடம் ஒன்றும் வாங்குவதில்லை என்று சோதனை முயற்சியாக ஒத்துக்கொண்டார்கள். அவருடைய பிடிவாதம் பாதி, கட்டணம் இல்லாவிட்டால்தான் கூட்டம் நம் பக்கம் வரும் என்ற கணக்கு பாதி. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று தொடங்கியது.

அடையாறில் இணைப்பு வந்த அன்று மத்தியானம் அவர் குப்பத்துக்குப் புறப்பட்டார். நானும் உடன் போனேன். கஸ்தூரி வீட்டு வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார். உள்ளே கணவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜெகந்நாதன் சார் குனிந்து விஷயத்தைச் சொன்னார். இனி அந்த மருத்துவமனைக்கு எதிரில் உள்ள மெஷினிலேயே எடுக்கலாம், ஒரு காசும் பிடிக்கமாட்டார்கள்.

கஸ்தூரி கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். "நல்லது நைனா. வேற யாருக்குனா ஆவும்," என்றார். பிறகு ஏதோ குறைவாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, "டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

திரும்பும்போது ஜெகந்நாதன் சார் படகுகளுக்கு அருகே மணலில் உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. மந்தைவெளி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எந்தெந்த வங்கி சேர்ந்தது, எந்தெந்த இடத்தில் மெஷின் வந்தது என்று விசாரிப்பார். கிண்டிக்கு வந்துவிட்டது என்றபோது தொழிற்பேட்டை ஆட்களுக்கு உதவும் என்று மகிழ்ந்தார். "காசு புடிக்கலயே?" என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றதும் தலையணையில் சாய்வார். சற்றுக் கழித்து மனைவியிடம் மெதுவாக, "வரதன் வந்தானா?" என்று கேட்பார். கேட்காத நாளை நான் பார்க்கவில்லை.

ஞாயிறன்று வரதன் சார் வந்திருந்தார். வீட்டுக்குள் வராமல் தெருமுனையில் நின்றார். நான் கிளம்பும்போது அருகில் வந்து, "மேடம், கடைசியா என்னைப் பத்தி எதாவது சொன்னானா?" என்றார். மறைத்திருக்கலாம். அவருக்கும் வயதாகிவிட்டது. ஆனால் உள்ளதைச் சொன்னேன். நீங்கள் வந்தீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார் என்றேன். வரதன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். அதன்பின் பாடை புறப்படும்வரை கால்மாட்டை விட்டு அவர் நகரவில்லை என்று தனலட்சுமி அம்மா பிறகு சொன்னார்.

தீர்மானம் வந்த நாள்முதல் கடைசிவரை, அதை ஆதரித்தவர்களைப் பற்றி ஜெகந்நாதன் சார் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நான் ஆரம்பித்தாலும், "விடுங்க மேடம், நம்ம ஆளுங்க," என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த ஒரு வார்த்தையைத்தான். இதை எழுத உட்கார்ந்தபோது உங்கள்மீது நிறையக் கோபம் இருந்தது. அதில் பெரும்பகுதியை அடித்துவிட்டேன். மிச்சம் ஏதாவது தென்பட்டால், அது அவர் அளவுக்கு அந்த மனசு எனக்கு இன்னும் வரவில்லை என்பதனால்.