எழுப்பும் மணியும் என் நாற்காலியும்

காலையில் டெலிபோன் போர்டில் வெளி அழைப்பு வந்தது. யார் என்று கேட்காமல், பழக்கத்தில் "எங்க இருக்கீங்க?" என்றேன்.

"மத்திகிரி, அக்கா. சென்னப்பன் பொண்ணு பேசறேன். அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தாரு, அப்படியே போயிட்டாரு."

நம் ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தச் சேதியை நானே போன் போட்டுச் சொன்னேன். எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்குக் காரணமும் அவர்தான்.

அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற சென்னப்பன் ஐயாவைப் பற்றி நம் ஆஸ்பத்திரி இதழுக்கு எழுதச் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அவரைப் போலவே பென்சிலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது.

போனை எடுத்தால் முதலில் இரண்டு தடவை ஊதிவிட்டுத்தான் பேசுவார். பழைய லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். "டீ ஆறிடுச்சா சார்?" என்பேன். "இன்னும் சூடாத்தான் இருக்கு, நீ மருந்துக் கிடங்குக்குப் போடு" என்பார். இந்தப் பேச்சு தினமும் நடக்கும்.

அந்தப் பழைய போர்டின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் பிரசவ வார்டுக்குப் போட்ட அழைப்பு பிணவறையில் அடிக்கும். "இங்க யாரும் பொறக்கலீங்க" என்று அங்கிருந்து பதில் வரும். வருஷக்கணக்காக எழுதிப் போட்டு, புதிய டெலிபோன் அமைப்பு வாங்க அவர்தான் அனுமதி வாங்கினார்.

டெண்டர் தாள் தயார் செய்ய அவகாசம் குறைவு. யாரோ கொடுத்த வேறொரு டெண்டரைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டார். அது ஒரு விருந்தினர் மாளிகைக்குப் போட்ட டெண்டர். விலை போடும் முன் கம்பெனிக்காரர்கள் சந்தேகம் கேட்கும் கூட்டத்துக்கு, போர்டைக் காட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர் ஒருவர் தாளைப் புரட்டி, "சார், ஒவ்வொரு கட்டிலுக்கும் காலையில எழுப்பற மணி கேட்டிருக்கீங்க. ஐ.சி.யூ.வுக்கும் வேணுமா?" என்றார்.

"பிணவறைக்கும் ஒண்ணு வச்சிடுங்க. எழுந்தா நல்லதுதானே" என்றேன். கூட்டமே சிரித்தது. சென்னப்பன் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அடுத்த கேள்வியில் என் சிரிப்பு நின்றது. அழைப்பை எல்லாம் பதிவு செய்த குரலே எடுக்கும், தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, ஆபரேட்டர் இடம் கிடையாது, சரிதானே என்று கேட்டார்கள். நான் ஒப்பந்தத் தொழிலாளி. போர்டு இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை.

நேராக அவர் அறைக்குப் போனேன். "எழுப்பற மணியக் கேட்டீங்க, என்னை மட்டும் கேக்க மறந்துட்டீங்களே சார்."

"அந்தப் பக்கத்த நான் படிக்கவே இல்லம்மா ரத்னா" என்றார். அன்றே டெண்டரை ரத்து செய்யச் சொல்லி, தவறு தன்னுடையது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே இருந்து திட்டு வந்தது, வாங்கிக்கொண்டார். ஆனால் எனக்கு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. "உன் வேலைக்காக எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வேணும்னா எழுதுவேன்" என்றார்.

மறுநாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இன்னொரு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். தெலுங்கில் ஒருவர், இந்தியில் ஒருவர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு முன் ஒரு ஆள் கன்னடத்தில் கத்தினார். "ஹெண்டத்திகெ நோவு, பேக பன்னி!" மனைவிக்கு வலி, சீக்கிரம் வாங்க, அவ்வளவுதான். "எல்லித்தீரா?" எங்க இருக்கீங்க என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். ஜவளகிரி தாண்டிக் காட்டோரம், கோயில் பக்கம் என்று சொல்லி முடித்தார், சிக்னல் அறுந்தது. வண்டியை அனுப்பினோம். வரும் வழியில், வண்டியிலேயே பெண் குழந்தை பிறந்தது.

ஐயா ரிசீவரை மெதுவாக வைத்தார். "பேரக் கேட்டிருந்தீன்னா ஊரு வந்திருக்காது" என்றார். சற்று நேரம் கழித்து, "டெண்டர்ல நாம கேக்காதது வராதும்மா. கேட்டுடலாம்" என்றார்.

இரண்டாவது டெண்டரில் ஒவ்வொரு வரியையும் அவரே எழுதினார். வெளி அழைப்பை முதலில் ஆபரேட்டர்தான் எடுக்க வேண்டும், லைன் அறுந்தால் திரும்பப் போட அழைத்தவர் எண் திரையில் தெரிய வேண்டும் என்று அதில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்குப் படித்துச் சொல்லி, பென்சிலில் அடிக்கோடு போட்டார். "இந்த வரிதான் நீ" என்றார்.

புதிய அமைப்பை மாட்டி முடித்த அன்று முதல் வெளி அழைப்பு வந்தது. எடுத்தால், அந்தப் பக்கம் யாரோ இரண்டு தடவை ஊதினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லித்தீரா?" என்று ஒரு கட்டைக் குரல். வாசலில் நின்று கைப்பேசியில் கூப்பிடுகிறார் மனுஷர்!

"என் சீட்லதான் சார். டீ ஆறிடுச்சா?" என்றேன்.

அவர் கோடு போட்ட டெண்டர் பக்கத்தின் ஜெராக்ஸ் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதில் இருக்கும் ஆங்கிலம் இன்றும் எனக்குப் படிக்க வராது. பென்சில் கோடு எங்கே என்று தெரியும். இன்று காலை அவர் மகள் போனை வைத்த பிறகு, அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன். அடுத்த அழைப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்க இருக்கீங்க என்று கேட்டேன்.