பொங்கல் பானைக்கு மேலே ஒரு பனித்தடுப்பு

புலம்பெயர்ந்த தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் என் கடையின் பின்முற்றத்துக்குத் தகரக் கூரை. பனி பெய்தால் அது மொத்தமாகச் சறுக்கி வந்து மரக்கறிப் பெட்டிகள் மேல் தொப்பென்று விழும். அதைத் தடுத்துத் தருகிறேன் என்று வந்தவர்தான் அந்தக் கூரை வேலைக்காரர். மெலிந்த ஆள், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. யாரோடு பேசினாலும், தானே செய்த ஸ்பானரின் வாயை அகட்டிச் சுருக்கிக்கொண்டே இருப்பார். பனியைச் சறுக்கவிடாமல் பிடித்து நிறுத்தும் தன் கண்டுபிடிப்பான இரும்புப் பற்களைக் கூரையில் துளையிட்டு, நட்டுப் போட்டு வரிசையாகப் பூட்டினார்.

தைப்பொங்கலன்று அவரையும் அழைத்திருந்தேன். கூரை நிறையப் பனி. கீழே முற்றத்தில் வைத்த பானையில் பால் பொங்கி எழும் நேரம், அடுப்புச் சூட்டில் உருகிய பனி அவர் போட்ட துளைகளால் ஒழுகி நெருப்பை அணைத்துவிட்டது. எழுந்த பால் அப்படியே அடங்கிப்போனது. மனைவியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?” என்று கத்தினேன்.

அவர் பானையைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார். “ஒரு கட்டி கூட வழுக்கேல்லை, பாத்தியளே அண்ணை!”

அதன்பின் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. பற்களைக் கழற்றலாமென்றால், அந்த நட்டுகளுக்கு அவருடைய ஸ்பானரைத் தவிர வேறெதுவும் பொருந்துவதில்லை. மழைக்கு வாளி வைக்கிறேன். பனி மட்டும் இன்றுவரை சறுக்கவில்லை. அதனால் அந்த மனிதரை மனமாரத் திட்டக்கூட முடியவில்லை.