அல் குசைஸில் காய்ச்சிய சிவப்பு பியர்

போன மாதம் பெங்களூரில் அக்கா மகன் என்னை ஒரு பியர் கடைக்கு அழைத்துப் போனான். கடைக்குள்ளேயே காய்ச்சுகிறார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செம்பு நிறத்தில் பெரிய பெரிய அண்டாக்கள். "மாமா, இது ரெட் ஏல். உங்க காலத்துல இதெல்லாம் கெடையாது, மெதுவா டேஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோலக் கிளாஸை நீட்டினான். மூக்கருகே கொண்டுபோனேன். வறுத்த தானிய வாசனை. அதன் மேலே நார்த்தை இலையைக் கசக்கினால் வருமே, அப்படி ஒரு காரமான பச்சை வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட மடையா, இதை நான் குளியல் தொட்டியில் முளைகட்டியவன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திருந்தியவன் எழுதும் கட்டுரை இல்லை. மறுபடி அந்த வயதும் அந்த அறையும் கிடைத்தால் மறுபடியும் காய்ச்சுவேன்.

ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன்பு, துபாயில் அல் குசைஸ் பக்கம் மூன்று பேர் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். நான் அலுமினியக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், சொந்த ஊர் பரமக்குடி. அரியலூர்க்காரன் தங்கராஜ் வேன் டிரைவர். சமையலறைக்கு அவன்தான் ராஜா. மூன்றாமவர் சிவநேசன், யாழ்ப்பாணம், எங்கள் கம்பெனியிலேயே ஜன்னல் கதவுகளுக்கு வரைபடம் போடுபவர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்போம். அவர் என்னைத் தம்பி என்றும் நீர் என்றும் அழைப்பார். அந்த 'நீர்' முதலில் எனக்குப் புராண நாடகத்தில் நிற்பதுபோல இருந்தது. பிறகு அதைக் கேட்காவிட்டால் அவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று தோன்ற ஆரம்பித்தது.

அவருடைய பெரியண்ணன் இங்கிலாந்தில் ஒரு சின்ன பியர் ஆலையில் வேலை பார்த்தார். அகதியாகப் போனவர். தம்பியைப் பார்த்துப் பல வருடங்கள். இலங்கையில் சண்டை மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மூடிக்கிடந்த நேரம். தம்பிக்கு லண்டன் விசா கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணனுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தது. மூன்று நாள் துபாய்க்கு வருகிறேன் என்று போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, "நான் காய்ச்சிறதெல்லாம் வெள்ளைக்காரருக்கடா. எனக்கெண்டு ஒருத்தரும் இதுவரைக்கும் காய்ச்சித் தரேல்லை" என்று சிரித்தாராம்.

போனை வைத்ததும் சிவநேசன் முடிவு செய்துவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் ஒரு பாட்டில் வைத்திருந்தாலே குற்றமான ஊர் அது. காய்ச்சினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்களைப் பிடித்தால் விசாவைக் கான்சல் செய்து ஊருக்கு அனுப்புவார்கள், நானும் தங்கராஜும் அவமானத்தோடு போய் இறங்குவோம், அவ்வளவுதான். அவரை அனுப்பினால் சண்டைக்கு நடுவில் போய் இறங்கவேண்டும்.

"அண்ணே, ஓட்டல் பார்ல கூட்டிட்டுப் போய் நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துருவோம்" என்றேன்.

"கடையிலை வாங்கிக் குடுக்கிறதெண்டால் அவர் அங்கையே வாங்கிக் குடிப்பார். ஊரிலை எங்கட வீடு இல்லை தம்பி. இப்ப இதுதான் என்ரை வீடு. வீட்டுக்கு வாற மனிசனுக்கு வீட்டிலை செய்ததைத்தான் குடுக்கோணும்."

"மாட்டிக்கிட்டா உங்களைக் கொழும்புக்குல்ல அனுப்புவான்?"

"அனுப்பட்டும். பயந்து பயந்து இருக்கிறதெண்டால் நான் இங்கை ஏன் வந்தனான்?"

சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு இறங்கினோம்.

பார்லிக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் மூட்டை மூட்டையாக விற்பார்கள். கடைக்காரர் ஒரு பாகிஸ்தானி. "பாய், பக்ரி ஹே க்யா?", ஆடு வளர்க்கிறீர்களா என்று அவர் கேட்க, தங்கராஜ் முகம் மாறாமல், "ஹே பாய், தீன் பக்ரி" என்றான். மூன்று ஆடுகளும் மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். பார்லி முளைத்தால்தான் அதற்குள் இருக்கும் மாவு இனிப்பாகும். ஃபிளாட்டில் யாருமே படுத்துக் குளிக்காத ஒரு குளியல் தொட்டி இருந்தது. ஊறவைத்து, நீரை வடித்து, என் வேட்டி இரண்டை நனைத்துப் போர்த்தினோம். வாளியில் குளித்துக்கொண்டு, தொட்டிக்குள் முளை எட்டிப் பார்க்கிறதா என்று மூவரும் மாறிமாறிக் கவனித்தோம். பிரசவ அறை வாசலில்கூட நான் பிற்பாடு அவ்வளவு தவிக்கவில்லை. மாடியில் காயப்போட்டால் அந்த ஊர் வெயில் ஒரே பகலில் மொறுமொறுப்பாக்கிவிடும். ஒரு பங்கை மட்டும் தோசைக்கல்லில் கருகும் தறுவாய்வரை வறுத்தோம். சிவப்பு நிறம் அதிலிருந்துதான் வரவேண்டும். வாசனை மாடிப்படி முழுக்க இறங்கியது.

ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவையும் புளிக்கவைக்கும் ஈஸ்டையும் பெரியண்ணன் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். ஹாப்ஸைப் பிரித்ததும் நான் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டேன். பார்ப்பதற்கு அப்படியே கஞ்சா. பியருக்குக் கிடைக்கும் தண்டனையே மேல் என்று தோன்றியது. காபி டின்னுக்குள் அமுக்கி மூடினோம்.

அடுத்துத்தான் எங்கள் தங்கராஜ் வேலையைக் காட்டினான். மாவு மில்லில் உடைக்கக் கொடுத்தால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள் என்பதால், ஊரிலிருந்து தூக்கி வந்த வெட் கிரைண்டரில், நாங்கள் டியூட்டியில் இருந்தபோது, பாதிப் பார்லியை இட்லிக்கு ஆட்டுவதுபோல வெண்ணெயாக ஆட்டி வைத்துவிட்டான். "நைசா ஆட்டுனாத்தானே சத்து எறங்கும்?" என்று எங்களையே கேட்டான். வெந்நீரில் போட்டுத் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. உமி முழுசாக இருந்தால்தான் சாறு வடியுமாம், இது பசை. சிவநேசன் பால்கனியில் போய் நின்றுவிட்டார். தங்கராஜ் அந்தப் பசையில் வெங்காயமும் மிளகாயும் அரிந்துபோட்டு அடை சுட்டான். கொடுமை என்னவென்றால், அடை பிரமாதமாக இருந்தது.

மீதிப் பார்லியை மிக்ஸியில் ஒரே சுற்று விட்டு, ரவைக் கஞ்சிக்கு உடைப்பதுபோல ஒன்றிரண்டாக்கினோம். இந்தமுறை தேன் நிறத்தில் வடிந்தது. ஹாப்ஸ் போட்டுக் கொதித்ததும் செம்மண் குளத்து நிறத்துக்கு வந்தது. குடிதண்ணீர் கேனில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு, வாயில் குழாய் செருகி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அதற்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதால் ஏசியைக் கூட்டிவிட்டு, நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தோம். அது பாட்டுக்குக் குளுக் குளுக் என்று பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் கோலா பாட்டில்களில் நிரப்பிக் குளிர்பெட்டியில் அடுக்கினோம்.

பெரியண்ணன் வந்து இறங்க வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் கட்டடக் காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் பேச்சிலர்கள் யார் யார் என்று பார்க்க முனிசிபாலிட்டி ஆட்கள் வந்திருக்கிறார்கள், இரண்டாவது மாடிவரை வந்தாயிற்று என்றார்.

தங்கராஜ் குளிர்பெட்டிக்கு ஓடினான். "அண்ணே, கொட்டிருவோம். கும்புட்டுக் கேக்குறேன், கொட்டிருவோம்."

சிவநேசன் ஒரு நாற்காலியை இழுத்துவந்து குளிர்பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். "நீங்கள் ரெண்டு பேரும் கீழை போங்கோ. கேட்டால் என்ரை எண்டு சொல்லுவன். கொட்டமாட்டன்."

நாங்கள் போகவில்லை. தங்கராஜ் அழுதுகொண்டே டீ போட்டான். வந்த இருவரும் கட்டில்களை எண்ணினார்கள், படமெடுத்தார்கள், கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். பேச்சிலர்கள் ஒரு மாதத்தில் காலி செய்யவேண்டும். குளிர்பெட்டிப் பக்கம் அவர்கள் திரும்பவே இல்லை. நாற்காலியில் இருந்தவர் எழுந்திருக்கவும் இல்லை.

சாயங்காலம் அந்தத் தாள் ஒட்டிய கதவைத் திறந்துகொண்டு பெரியண்ணன் உள்ளே வந்தார். நரைத்த, சின்ன உருவம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, டீ கிளாஸில் ஊற்றிய சிவப்பு பியரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். "கலங்கல். கசப்பும் கொஞ்சம் கூட" என்றார், ஆலைக்காரர் தோரணையில். அப்புறம் கிளாஸை வைக்காமலே தம்பியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "இன்னும் ஊத்தடா" என்றார். நானும் தங்கராஜும் சமையலறையில் வேலை இருப்பதுபோல எழுந்துபோனோம்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்களாம். குடிப்பதற்கான சட்டமும் அங்கே தளர்ந்துவிட்டது என்கிறார்கள். தங்கராஜ் எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. நாங்கள் ஃபிளாட்டைக் காலி செய்த மறுவருடம் பெரியண்ணன் இங்கிலாந்தில் மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்குப் போகவும் சிவநேசனுக்கு விசா கொடுக்கவில்லை. ஷார்ஜாவில் அவருடைய புது அறைக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அழுது முடித்த முகத்தோடு டீ போட்டுக்கொண்டிருந்தார். கிளாஸ்களை நான் கழுவி வைத்தேன். அவராகவே சொன்னார்:

"அவரை நான் என்ரை வீட்டுக்குக் கூப்பிட்டு, என்ரை கையாலை காய்ச்சிக் குடுத்திட்டன் தம்பி. இனி ஒருத்தராலையும் அதைக் கான்சல் பண்ணேலாது."